மியூட் இல்லாத வாரம்

நெய்வேலியில் குடித்தனம் நடத்துகிறவர்களிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டால் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். இந்த வாரம் உங்கள் வீட்டில் என்ன ஷிஃப்ட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். என் கணவருக்கு மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் வேலை. ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், ஒரு வாரம் செகண்ட், ஒரு வாரம் நைட். சமையல், துணி துவைப்பது, விருந்தாளியை வரச் சொல்வது எல்லாம் அதற்குத் தக்கபடி மாறும். என் வயலின் சாதகமும் அப்படித்தான் மாறிக்கொண்டிருந்தது. வினை வந்ததே அங்கேதான்.

வயலின் எனக்காக வாங்கியது இல்லை. மகளுக்கு வாங்கியது. சரளி வரிசை முடிவதற்குள்ளேயே கால் மரத்துப்போகிறது என்று அவள் பெட்டியை மூடிவிட்டாள். அது பரண்மேல் ஏறியது. அவள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு, ஒரு பொங்கலுக்குப் பரண் சுத்தம் செய்தபோது அந்தப் பெட்டியைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்குமேல்தான் இருக்கும். யாரும் தொடாவிட்டால் நானே தொடுகிறேன் என்று வடலூரில் ஒரு வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். அங்கே இருந்த டீச்சர் என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை டீச்சர் என்பேன். சிரித்த முகம், ஆனால் ஒரு சுரம் விலகினாலும் சிரிப்பு போய்விடும்.

வீம்புக்கு ஆரம்பித்த வேலை என்னை எப்போது பிடித்துக்கொண்டது என்று தெரியவில்லை. சில வருடங்களில் கீழ்நிலைத் தேர்வு முடித்தேன். அடுத்தது ஹையர், அதாவது மேல்நிலை. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலையை விட்டுப் போகிறார் என்றும், ஹையர் பாஸ் செய்துவிட்டு வந்தால் அந்த இடத்தை எனக்குத் தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். வெட்கப்படாமல் சொல்கிறேன், ராத்திரி படுத்தால் அந்தப் பள்ளிக்கூடத்து கேட்டுக்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நுழைவதுதான் கண்ணுக்குள் நிற்கும். இத்தனை வயதுக்குப் பிறகு எனக்கென்று ஒரு வேலை வரும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை.

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரத்தில் பிரச்சினை இல்லை. அவர் விடியும்போதே கிளம்பிவிடுவார், காலை முழுக்க வீடு எனக்குத்தான். செகண்ட் ஷிஃப்ட்டில் மத்தியானத்துக்கு மேல் எனக்கு. நைட் ஷிஃப்ட்தான் தொல்லை. காலையில் வந்து, குளித்து, இட்லி சாப்பிட்டுப் படுப்பார். மத்தியானம் தாண்டித்தான் எழுந்திருப்பார். நைட் ஷிஃப்ட் நடக்கிற வீட்டைத் தெருவில் போகிறவர்களே கண்டுபிடித்துவிடலாம். பகலில் ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும். காலிங் பெல்மேல் டேப் ஒட்டியிருக்கும். குக்கர் விசில் வராது. கீரைக்காரம்மா கூட எங்கள் கேட்டுக்கு வெளியே கூவாமல் கையை ஆட்டிக் கூப்பிடுவார்.

இந்த ஜாக்கிரதையெல்லாம் சும்மா இல்லை. அவரோடு வேலை செய்யும் ஒருவர் நைட் முடிந்து வரும்போது வண்டியிலேயே கண்ணசந்து, ரோட்டு நடுத்திட்டில் மோதிக் காலை ஒடித்துக்கொண்டார். பகல் தூக்கம் கெட்டால் அடுத்த நாள் விடியற்காலையில் அதன் பலன் தெரியும். அன்றிலிருந்து இவர் தூங்குகிற நேரத்தில் எங்கள் வீட்டில் ஒரு ஸ்பூன் கீழே விழுந்தாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடும்.

அதனால் நைட் ஷிஃப்ட் வாரங்களில் மியூட் போட்டு வாசிப்பேன். மியூட் என்பது கறுப்பு ரப்பரில் ஒரு சின்னத் துண்டு. தந்திகளைத் தாங்குகிற குதிரையின்மேல் அதைச் செருகிவிட்டால் வயலின் சத்தம் பாதிக்கும் கீழே போய், பக்கத்து அறைக்கு ஒரு முணுமுணுப்பு மட்டும்தான் கேட்கும். வருடக்கணக்கில் இப்படித்தான் ஓடியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, டீச்சர் என்னை எல்லாப் பாட்டையும் வரிசையாக வாசிக்கச் சொன்னார். முதல் கீர்த்தனை நன்றாக வந்தது. அடுத்து வர்ணம். தேர்வில் முதலில் கேட்பது அதைத்தான். ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே வில் கீச்சென்றது. நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தேன். அதே கீச். மூன்றாவது உருப்படி சுத்தமாக வந்தது, நான்காவது மறுபடியும் கீறியது. டீச்சர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஒரே கை, ஒரே வில்லு. இது வெண்ணெய் மாதிரி வருது, அது தகரத்தைக் கீறுற மாதிரி வருது. வீட்டுல எப்படிக்கா வாசிக்கறீங்க?”

ஷிஃப்ட் கதையைச் சொன்னேன். மியூட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினேன், கொஞ்சம் பெருமையாகவே. டீச்சர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்த வர்ணம் எந்த ஷிஃப்ட்டுல கத்துக்கிட்டது?”

யோசித்துப் பார்த்தேன். நைட். கீறிய இன்னொரு பாட்டு? அதுவும் நைட். சுத்தமாக வந்த இரண்டும் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டில் பாடம் ஆனவை. 

“மியூட் போட்டா சத்தம் உங்க காதுக்குப் பத்தாது. பத்தலைன்னு கை தானா வில்லை அமுக்கும். அமுக்கிப் பழகின பாட்டு, மியூட்டைக் கழட்டினாலும் அமுக்கித்தான் வரும். கைக்கு என்ன தெரியும், பழக்கினது தானே தெரியும்” என்றார் டீச்சர். பிறகு மியூட்டைத் தன் மேஜை டிராயரில் போட்டு மூடினார். “இது தேர்வு முடியற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்.”

அதோடு விடவில்லை. இனிமேல் வர்ணத்தை முதல் வரியிலிருந்து வாசிக்கக் கூடாது, கீச்சென்று வருகிற இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த இடத்தையும் முதலில் விரல் வைக்காமல், வெறும் தந்தியில் வில்லை மட்டும் இழுத்துப் பழக வேண்டும். நீளமாக, மெதுவாக, வில்லின் கனம் எவ்வளவோ அவ்வளவு மட்டும். கீச்சென்றால் உடனே நிறுத்திவிட்டு இன்னும் மெதுவாக எடுக்க வேண்டும். “தப்போட மேல போகாதீங்க. தப்பைத் தாண்டிப் போனா அதையும் சேர்த்துத்தான் மனப்பாடம் பண்றீங்க. புதுசா கத்துக்கறது ஈஸிக்கா. கத்துக்கிட்டதைக் கழட்டறதுதான் பெரும்பாடு” என்றார்.

வடலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு விரல் விட்டு எண்ணினேன். தேர்வு வருகிற வாரம் நைட் ஷிஃப்ட். மறுபடி எண்ணினேன். நைட்தான். என் பக்கத்தில் நின்ற பெண், என்ன ஆச்சும்மா என்று கேட்கிற அளவுக்கு என் முகம் போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னேன். ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் கேட்டுப் பார்த்தார். ஒருவர் வீட்டில் கல்யாணம், இன்னொருவருக்கு உடம்பு சரியில்லை. “ஆளு இல்லன்னு சொல்றாங்க” என்று வந்து நின்றார். என் கணவர் மேல்பட்டாம்பாக்கம் பக்கத்து ஆள். ஒரு வார்த்தை போதுமென்றால் இரண்டாவது வார்த்தை வராது.

“சரி, அந்த வாரம் வீட்ல வாசிக்கப்போறதில்லை. மியூட்டும் இல்லை. நீங்க நிம்மதியா தூங்குங்க. நான் எப்படியாவது பாத்துக்கறேன்” என்றேன்.

“வாசிக்காம எப்பிடி?”

“அது என் பாடு.”

 “உன் இஷ்டம்” என்று அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்னும் கொஞ்சம் வருத்தப்பட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அதற்கு முந்தைய வாரங்களில் அந்தக் கீச்சுடன் மல்லுக்கு நின்றேன். வெறும் தந்தியில் சரியாக வரும். விரல் வைத்தால் போய்விடும். ஒரு நாள் வந்தது மறுநாள் இருக்காது. ஆத்திரத்தில் வேகமாக வாசித்துத் தீர்த்துவிடலாம் என்று பாய்வேன், மொத்தமும் கெடும். வில்லைத் தூக்கி எறியலாமா என்று வந்தது. விலை நினைவுக்கு வந்து கீழே வைத்தேன்.

நைட் ஷிஃப்ட் வாரம் வந்தது. திங்கட்கிழமை அவர் படுத்ததும் கூடத்தில் உட்கார்ந்தேன். வில்லைத் தொடாமல் இடது கை விரல்களை மட்டும் தந்தியில் வைத்து வர்ணத்தை ஓட்டினேன். விரல் விழுகிற சத்தம்கூட எனக்குப் பெரிதாகக் கேட்டது. பிறகு வில்லைப் பிடித்துக்கொண்டு தந்தியைத் தொடாமல் காற்றில் இழுத்தேன். யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் இந்த அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். விரலுக்குப் பழக்கம் வந்தது, மனதில் பாட்டும் ஓடியது. ஆனால் என் நோய் வில்லில் இருந்தது. சத்தம் வராத வில் அமுக்குகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

மறுநாள் ஒரு துணிச்சல் வந்தது. எங்கள் தெருக் கோடியில் சில குவார்ட்டர்ஸ் காலியாகக் கிடக்கின்றன. இருந்தவர்கள் ரிட்டயர் ஆகிப் போனார்கள், புதிதாக யாரும் வரவில்லை. கடைசி வீட்டின் பின்பக்கம் ஒரு சின்னத் தாழ்வாரம் உண்டு. அவர் தூங்கிவிட்டார் என்று பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்தி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். துவைக்கிற கல்லைச் சுற்றி முழங்கால் உயரம் புல். பலா மரத்துச் சருகு தாழ்வாரம் முழுக்க. துடைப்பம் எடுத்து வராததற்கு என்னையே திட்டிக்கொண்டு, கொண்டுபோன பழைய புடவையை விரித்து உட்கார்ந்தேன்.

வாசிக்க ஆரம்பித்தால் காது வயலினில் நிற்கவில்லை. சருகில் ஏதாவது ஊர்கிறதா, தெருவில் யாராவது வருகிறார்களா, வீட்டில் அவர் எழுந்துவிட்டாரா, இதற்கு நடுவில் வர்ணம். கீச் முன்னைவிட மோசமாக இருந்தது. போனில் பதிவு செய்து டீச்சருக்கு அனுப்பினேன். உடனே குரல் பதிவாகப் பதில் வந்தது.

“அக்கா, பயந்துக்கிட்டே வாசிக்கறீங்க. பயந்த கை இன்னும் அமுக்கும். எங்க உக்காந்து வாசிக்கறீங்க நீங்க?”

போனைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது கூடத்தில் பேப்பர் வேறு மாதிரி மடிந்திருந்தது. நான் மடித்தது போல இல்லையே என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன், அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஃபேன் காற்றாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் எழுந்தவரின் கண் சிவந்திருந்தது. தூங்கினீர்களா என்றால், “தூங்கினேன், தூங்கினேன்” என்றார். ஒரு வார்த்தை மனிதர் இரண்டு முறை சொன்னதை நான் கவனித்திருக்க வேண்டும்.

புதன்கிழமை அதே தாழ்வாரத்தில் செக்யூரிட்டி வந்து நின்றார். சைக்கிளைச் சாய்த்தார். என்னைப் பார்த்ததில் அவருக்குத்தான் அதிக சங்கடம். “காலி குவார்ட்டர்ஸ்ல யாரும் இருக்கக்கூடாதுங்க மேடம். எனக்குத்தான் கேள்வி வரும்” என்றார். சாமானை எடுத்துக்கொண்டு வந்தேன். அவமானத்தில் காது சுட்டது. போகிற இடம் இல்லை, வாசிக்கிற வீடு இல்லை, தேர்வு சனிக்கிழமை. வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதேன். அழுவதற்குக்கூட இந்த வீட்டில் மியூட் போட வேண்டியிருக்கிறது என்று நினைத்தபோது கோபம் அவர்மேல் திரும்பியது. பாவம், அவர் என்ன செய்வார் என்று அதே கோபம் என்மேல் திரும்பி வந்தது.

வியாழக்கிழமை காலை வழக்கமான நேரத்துக்கு அவர் வரவில்லை.

நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களின் வண்டிகள் எங்கள் தெருவைத் தாண்டித்தான் போகும். முதலில் கும்பலாக வரும், பிறகு ஒன்றிரண்டாக. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கும்பல் போனது. ஒன்றிரண்டும் போனது. போன் அடித்தேன், அடித்து அடித்து நின்றது. சட்னி ஆறியது, இட்லி ஆறியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளில் போக ஆரம்பித்துவிட்டார்கள். அவரோடு வேலை செய்கிற இன்னொருவர் காய்கறிப் பையோடு வண்டியில் வந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

“அவரு அப்பவே கெளம்பிட்டாரேம்மா. எனக்கு முன்னாடி போனாரு” என்றார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். “நான் வேணா ஒரு சுத்து போய்ப் பாத்துட்டு வரட்டுமா?”

 தலையை மட்டும் ஆட்டினேன். அவர் வண்டியைத் திருப்புவதற்குள் தெரு முனையில் என் கணவர் தெரிந்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டைக் கையில் கிழிசல், முழங்கையில் ரத்தக் கீறல், பேண்ட்டெல்லாம் செம்மண். நடக்கிறார் என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் கூடவே வந்தது.

“ஒண்ணுமில்ல. கண்ணு அசந்து முள்ளு வேலில போய் உட்டுட்டேன்” என்றார்.

கீறலைக் கழுவி மருந்து போட்டேன். போட்டு முடித்ததும் பிடித்துக்கொண்டேன். தூங்கிட்டுத்தானே போறீங்க, எட்டு மணி நேரம் இந்த வீட்டில் ஈ கூடப் பறக்கவிடாமல் காவல் காக்கிறேனே, அப்புறம் எப்படி வண்டியில் கண் அசரும் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்காத அளவுக்கு ஏறியது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வாரம் பூரா தூக்கம் இல்ல.”

“ஏன்? நான்தான் வாசிக்கறதே இல்லையே?”

“அதான்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் மெல்ல மெல்லச் சொன்னார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

“பெல்ட்டு ஓடிக்கினே இருந்தா ஒரு கவலையும் இல்ல. அந்தச் சத்தம் காதுக்குள்ள இருந்துக்கினே இருக்கும், நம்ம பாட்டுக்கு வேலையப் பாக்கலாம். நின்னுச்சுன்னா தான் வயித்தக் கலக்கும். என்னா ஆச்சு, எங்க மாட்டிக்கினிச்சுன்னு எழுந்து ஓடணும். இத்தினி வருசமா காது அப்பிடியே பழகிப்போச்சு. வூட்டுல நீ மியூட்டு போட்டு வாசிச்சிக்கினு இருப்ப இல்ல, அந்தக் கொணகொணன்னு சத்தம் கேட்டுக்கினேதான் நான் தூங்குவேன். திங்கக்கெழமை படுத்தேன், சத்தம் இல்ல. கண்ண மூடினா முழிப்பு வந்துடுது. என்னா ஆச்சு, எங்க நின்னுச்சுன்னு.”

“எழுந்து பேப்பர் படிச்சது நீங்கதானா?”

“நீ பெட்டியத் தூக்கிக்கினு போறதப் பாத்துக்கினுதான் படுத்திருந்தேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?”

“சொன்னா நீ மறுபடி மியூட்ட வாங்கியாந்து போட்டுக்குவ. கை கெட்டுப்பூடும்னு டீச்சரு சொன்னாங்க இல்ல. ஒரு வாரம் தானே, பரீட்ச முடியட்டும்னு வுட்டுட்டேன்.”

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தூங்கட்டும் என்று நான் சருகிலும் புல்லிலும் போய் உட்கார்ந்திருக்கிறேன். நான் பாஸ் செய்யட்டும் என்று அவர் கண்ணை மூடி விழித்திருந்திருக்கிறார். என் அமைதிதான் அவரை வேலிக்குள் தள்ளியிருக்கிறது. முள் வேலியாக இருந்தது, லாரியாக இருந்திருந்தால்?

“போய்ப் படுங்க” என்றேன். “நான் வாசிக்கறேன்.”

“மியூட்டு?”

“இல்லாமத்தான்.”

கூடத்தில் உட்கார்ந்தேன். அறைக் கதவைத் திறந்தே வைத்தேன். கட்டில்மேல் அவர் கால்களும் தலையும் தெரிந்தன. போனில் சுருதிப் பெட்டியைச் சின்னதாக ஓடவிட்டு, ஒரு தந்தியில் வில்லை வைத்து இழுத்தேன். பயம் போகாத கை, அமுக்கியது. கீச். அவர் கண் திறந்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

வில்லை எடுத்தேன். மூச்சு விட்டேன். டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது: வில்லின் கனம் எவ்வளவோ அவ்வளவு மட்டும். மறுபடி வைத்தேன். நான் இழுக்கவில்லை, வில்லை அதன் பாட்டுக்குப் போகவிட்டேன். மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது, கூடத்தைத் தாண்டி அறைக்குள் போனது. நுனிவரை போய்த் திரும்பியது. திரும்புகிற இடத்தில் லேசாகக் கரகரத்தது. அவர் கால் அசைந்தது. அந்தத் திருப்பத்தை மட்டும் மறுபடி எடுத்தேன். மறுபடி. கால் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு நீளமாக வர ஆரம்பித்தது.

அப்போதுதான் எனக்கு வேறு ஒரு பயம் பிடித்தது. நிறுத்தினால் விழித்துக்கொள்வாரே. நிறுத்தக் கூடாது, அமுக்கவும் கூடாது. அன்று காலை முழுக்க வில்லைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். வெறும் தந்தி முடிந்ததும் சங்கராபரணத்தில் ஒவ்வொரு சுரமாக, அது முடிந்ததும் வர்ணத்தில் கீச்சென்று வரும் அந்த ஒரு வரி. எறும்பு ஊர்கிற வேகத்தில் எடுத்தேன். வரியின் நடுவில் கை இறுகுவது எனக்குத் தெரிவதற்கு முன்பே அவர் புரண்டு படுத்தார் என்றால் நம்ப மாட்டீர்கள். என் காதுக்கு வந்து சேருவதற்கு முன்னால் அவர் உடம்புக்குத் தெரிந்தது. அவர் புரண்டால் நான் கையை இளக்குவேன். முதுகு விட்டுப்போனது, தோள் கழன்றுவிடும் போலிருந்தது. அவர் குறட்டை விட்டார். அந்தக் குறட்டையைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனைவி எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கிலேயே இருந்திருக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமையும் அப்படியே. அன்று வர்ணத்தை முழுவதும் ஒரு முறை, மெதுவாக, அவரை எழுப்பாமல் கடந்தேன். ஒரே ஒரு முறைதான். இரண்டாவது முறை பாதியில் அவர் கண் திறந்தார். நாளைக்கு எந்த முறை வரும் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

சனிக்கிழமை தேர்வு கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். அவர் நைட் முடிந்து நேராக வந்து, சட்டை மாற்றிக்கொண்டு, நானும் வரேன் என்றார். வேண்டாம், படுங்கள் என்றேன். கேட்கவில்லை. வண்டியைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு பஸ்ஸில் அழைத்துப்போனேன். பஸ்ஸில் தூங்குவார் என்று நினைத்தேன். அங்கேயும் விழித்துக்கொண்டுதான் வந்தார், என் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. 

பள்ளிக்கூட வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். உள்ளே ஒவ்வொருவராக வாசிப்பது வெளியே நன்றாகவே கேட்டது. எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள், எல்லாரும் என்னைவிட வேகம்.  ஒருத்தி வாசித்தபோது வில் கீறியது. சட்டென்று பார்த்தேன், பக்கத்தில் இவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு என் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

உள்ளே இரண்டு பேர். வர்ணம் என்றார் ஒருவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். சுருதி சேர்த்தேன். வில்லை வைத்ததும் கை இறுகுவதைத் தெளிவாக உணர்ந்தேன். எதிரே இருந்தவர்களைப் பார்த்தால் இன்னும் இறுகும் என்று தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் இரவெல்லாம் வேலை செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார், அவரை எழுப்பக் கூடாது என்று மட்டும் நினைத்தேன். வாசித்தேன். அந்த வரி வந்தது, போனது. எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்து கீர்த்தனை கேட்டார்கள், சில கேள்விகள் கேட்டார்கள். போதும் என்றார்கள். இரண்டு முகத்திலும் நல்லது கெட்டது எதுவும் எழுதியிருக்கவில்லை.

வெளியே வந்தேன். அவர் பெஞ்சின் கோடியில் தூணில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் இருந்த வாட்ச்மேன் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“உங்க வூட்டுக்காரராம்மா? நானும் காலையிலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்கேன். ஒவ்வொரு புள்ளயா உள்ள வாசிக்கறப்ப எல்லாம் முழிச்சிக்கினு குந்திக்கினு இருந்தாரு. கடைசியா ஒருத்தங்க வாசிச்சாங்க பாருங்க, அப்ப சாஞ்சவருதான்.”

நான் அவர் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. உள்ளே அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். வில் வைத்ததுமே ஒரு கீச். அவர் திடுக்கிட்டு எழுந்து என்னைப் பார்த்தார், பிறகு மூடியிருந்த அறைக் கதவைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

“முடிஞ்சிட்சா? நான் கேக்கவே இல்லியே. எப்ப தூங்கினேன்னே தெரில. கோச்சிக்காத.”

“கோபமெல்லாம் இல்லை. வாங்க, பஸ்ஸுக்குப் போகலாம்” என்றேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும்.